நூறு பாயா கிண்ணம்

மண் வேலை செய்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஏரியாவில் கொத்தனார் கூடச் சித்தாளாகப் போகிறேன் என்றுதான் நினைப்பார்கள். திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, முன்பு மீன் பெட்டி அடுக்கிவைத்திருந்த தகரக் கொட்டகைதான் என் பட்டறை. மோட்டாரில் சுற்றும் ஒரு குயவர் சக்கரம், ஒரு கரண்ட் சூளை, மண் ஊறுவதற்கு நான்கு நீல டிரம். கன்டெய்னர் கம்பெனியில் எட்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஆரம்பித்தது.

என் அண்ணன் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பழைய ஆபீசில் என் நாற்காலி மறுபடியும் காலி என்று தெரிந்ததும் ஓடி வந்து சொன்னான். அப்போதுதான் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர், தான் திறக்கப்போகும் கடையில் ஆட்டுக்கால் பாயா ஊற்றுவதற்கு நூறு கிண்ணம் கேட்டிருந்தார். இந்த ஆர்டரை ஒழுங்காகக் கொடுக்க முடியாவிட்டால் நானே வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எங்கள் தொழிலில் மண்ணை வீணாக்குவதில்லை. சக்கரத்தில் கோணியது, கிழிந்தது, சீவி எடுத்தது எல்லாம் டிரம்மில் ஊறும். அந்தக் கூழைக் காயவைத்துப் பிசைந்தால் மறுபடியும் நல்ல மண். கொட்டகைக்குள் காற்று வராததால், பக்கத்தில் நெத்திலி காயவைக்கும் அக்காவிடம் தார்ப்பாய் இரவல் கேட்டேன். அவர் மணலில் விரித்துக் கொடுத்தார். கூழை ஊற்றி, இறுகியதும் வழித்தெடுத்து, வாங்கிய புது மண்ணோடு சேர்த்துப் பிசைந்தேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் தார்ப்பாயை ஒரு உதறாவது உதறியிருப்பாள். ராயபுரத்தில் பிறந்தவளுக்கு மணலும் சிப்பியும் கண்ணிலேயே படாது. எங்கள் வீட்டுத் தலையணை உறையிலேயே மணல் இருக்கும்.

கிண்ணங்கள் அழகாகத்தான் வந்தன. கருநீலத்தில் பளபளக்கும் கிளேஸ் பூசிச் சுட்டு, பலகையில் அடுக்கிவைத்துவிட்டு, ஐந்தாம் நாள் பேப்பர் சுற்ற உட்கார்ந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு கிண்ணத்தின் உட்புறத்திலிருந்து மிளகளவு சில்லு தெறித்து விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. பார்த்ததுமே புரிந்துவிட்டது. சிப்பி சூளையில் வெந்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் ஈரம் ஏறினால் உப்பும், மேலே இருப்பதைத் தள்ளும். எங்கள் கடல்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? சாயங்காலத்துக்குள் ஏழு கிண்ணம் போய்விட்டது.

நேராக அக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நெத்திலியைப் புரட்டுவதை நிறுத்தவே இல்லை.

"கடக்கரையில சிப்பி கெடக்காம சீனியா கெடக்கும்? பாத்து அள்றது உன் வேலம்மா."

நியாயம். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அண்ணன் லோடு ஆட்டோவோடு வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். அந்த ஏழு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மீதியை ஏற்றச் சொன்னான். மீதி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு டீ குடிக்கும் நேரம் நானும் யோசித்தேன். ஆனால் அது எல்லாமே ஒரே பிசையல். எதில் சிப்பி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பாயா காய்ச்சல்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பது. அவர்கள் தொண்டையில் என் கிண்ணத்தின் சில்லு போகக் கூடாது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, சில்லு தெறித்த கிண்ணம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது, நூறும் ஆகாது, புதிதாகச் செய்ய ஒரு மாதம் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பாய் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பாயாவுல எலும்பு வந்தா கஸ்டமர் எலும்பத் துப்புவான். கிண்ணம் வந்தா என்னியத் துப்புவான்மா," என்றார். பிறகு, ஒரு மாதம் எவர்சில்வரில் ஊற்றிக்கொள்வதாகவும், புதுக் கிண்ணங்கள் பத்து நாள் தன் கடை அடுக்கில் சும்மா இருக்க வேண்டும் என்றும், ஒன்று தெறித்தாலும் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். அண்ணனிடம் சொன்ன நாற்காலிப் பேச்சும் அந்தப் பத்து நாளுக்குத் தள்ளிப் போனது.

பழைய கிண்ணங்களை உடைத்து, அக்கா வாசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டினேன். ஒவ்வொன்றாக உடைக்கும்போது அழுகை வந்தது, அழுதேன். பிறகு புதிதாக ஊறவைத்த கூழைச் சன்னக் கண் சல்லடையில் ஒரு முறை, என் பழைய மெல்லிய வாயல் புடவையில் ஒரு முறை வடிகட்டினேன். புடவையின் மறுமுனையை அக்காதான் பிடித்துக்கொண்டார், கேட்காமலேயே. முதல் சூடு முடிந்ததும், கிளேஸ் பூசும் முன்பே, கிண்ணங்களை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் வைத்தேன். வெடிப்பது என் கண் முன்னாலேயே வெடிக்கட்டும் என்று. மறுபடியும் நூறு வனைந்ததில் மணிக்கட்டு வீங்கிப் போனது. ஒன்றும் வெடிக்கவில்லை. கிளேஸ் பூசி மறுபடி சுட்டுக் கொண்டுபோய் இறக்கினேன்.

பாய் கடையில் அவை பத்து நாள், கொதிக்கும் அண்டாவின் ஆவிக்குப் பக்கத்திலேயே இருந்தன. பதினோராம் நாள் போனேன். அண்ணனும் சும்மா பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு கூட வந்தான். பாய் ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, அண்டாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"ஊருக்கு ஊத்தறதுக்கு மின்னாடி நீ குடி."

சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. குடித்து முடித்து உட்புறம் முழுக்க விரலை ஓட்டினேன். வழவழப்பைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை. தலை நிமிர்ந்தபோது, அண்ணன் அடுக்கிலிருந்து தானாகவே ஒரு கிண்ணத்தை எடுத்து, பாயிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.