நோட்டீஸில் விட்டுப்போன பெயர்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களை நான் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போகிற ஆள்தான் நானும். பாதிரி சொன்னதை நம்பியதில்லை, கட்சிக்காரன் சொன்னதையும் நம்பியதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தவனுக்குக் கதை கட்டத் தெரியாது. 1976 நவம்பர் 20, சனிக்கிழமை, புடாபெஸ்ட் நகரத்தில் பிற்பகல் 3.40-லிருந்து 4.35 வரை நடந்தது இது. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அதனால்தான் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன்.

பல்கேரியாவிலிருந்து எங்களை வெல்டிங் படிக்க அங்கே அனுப்பியிருந்தார்கள். பத்து மாதப் படிப்பு. நானும் ஸ்தாமெனும் ஒரே ஊர். அறையில் மூன்றாவது ஆள் வெல்கோ. அவன் வேறு ஊர். வாய் மட்டும் நாலு ஊருக்குச் சேர்த்து.

ஸ்தாமென் வெளிநாடு போவது அவன் அப்பா ரங்கெலுக்குப் பிடிக்கவில்லை. ஆடுகளை யார் பார்ப்பது என்று சண்டை. பஸ் ஏறும்போது ஊரே கேட்கிற மாதிரி கிழவர் சொன்னார், "போறவன் போ. என் சாவு நோட்டீஸ்ல உன் பேரு இருக்காது." எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. யார் செத்தாலும் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் படம் அச்சடித்து, கதவிலும் கம்பத்திலும் ஒட்டுவோம். அடியில் அழுகிறவர்களின் பெயர் இருக்கும். அதில் பெயர் இல்லாதவன் பிள்ளையே இல்லை.

எட்டு மாதம் பேச்சில்லை. அந்த வாரம் தந்தி வந்தது: 'சனிக்கிழமை உங்கள் நேரம் ஐந்து மணிக்கு நம் ஊர்த் தபாலாபீசில் இருப்பேன். கூப்பிடு. அப்பா.' ஸ்தாமென் அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினான். பெரிய தபாலாபீசில் ஐந்து மணிக்கு டிரங்கால் பதிவு செய்தோம்.

அன்று மதியம் வகுப்பு முடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்பினோம். பாலம், கோட்டை, ஆற்றங்கரை. சந்தையில் எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பூண்டுத் தண்ணீர் தடவித் தின்றோம். மணி 3.10. ஸ்தாமென் அரை ரொட்டியோடு எழுந்துவிட்டான்.

"போலாம்டா. லேட்டாயிரும்."

"இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்குடா," என்றான் வெல்கோ. "உங்கப்பன் ஓடியா போயிடுவான்?"

3.40-க்கு ஒரு பழைய வீட்டு வாசலில் நின்றோம். தெருவைச் சுற்றினால் அரை மணி, இந்த வீட்டுக்குள் புகுந்தால் அந்தப் பக்கம் தெரு என்றான் வெல்கோ. எனக்கு அவன் வழியில் நம்பிக்கை இல்லை. சொன்னேன்.

"நீ உங்கம்மா பேச்சையே நம்ப மாட்ட. வாடா கிழவா," என்றான். அப்போது எனக்கு இருபது வயது.

உள்ளே முற்றம். நாலு பக்கமும் மாடி, இரும்புக் கிராதி. நடுவில் கம்பளம் தட்டுகிற கம்பி. அதில் ஒரு பச்சைக் கம்பளம். டொப்... டொப்... என்று யாரோ தட்டுகிற சத்தம். கம்பளமும் ஆடியது. தட்டுகிற ஆளைக் காணோம். கம்பளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார் என்று நினைத்தேன். இடது கைக் கதவில் சாவு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் தொப்பியைக் கழற்றினோம், போட்டுக்கொண்டோம். பழக்கம். கை தானாகப் போகும்.

எதிர் வாசல் வழியாக வெளியே போனோம். தெரு இல்லை. இன்னொரு முற்றம். பச்சைக் கம்பளம். நோட்டீஸ். தொப்பியைக் கழற்றினோம்.

"எல்லா வீடும் ஒரே அச்சுல கட்டியிருக்கானுங்க," என்றான் வெல்கோ.

"மணி என்னடா?" என்றான் ஸ்தாமென்.

"நாலு அஞ்சு," என்றேன்.

"மூணு நாப்பதுக்கு நுழைஞ்சோம். ஒரு முற்றத்தத் தாண்ட இருபத்தஞ்சு நிமிஷமா? உன் குறுக்கு வழியில இடி விழ."

எனக்கும் எரிச்சல்தான். வந்த வழியே திரும்புவோம் என்று இழுத்தேன். திரும்பினோம். வாசலைத் தாண்டினோம்.

பச்சைக் கம்பளம்.

மணி 4.20. இருட்டிவிட்டது. ஒரு ஜன்னலிலும் விளக்கு இல்லை. டொப்... டொப்... இப்போது சத்தம் மேலே மாடியிலிருந்து வந்தது. கம்பளம் கீழே ஆடியது.

வெல்கோவின் கை தொப்பிக்குப் போனது. பாதியில் நின்றது.

"டேய்... இந்த ஊர்ல யாருடா நோட்டீஸ் ஒட்டுறான்?"

எட்டு மாதமாக அந்த நகரத்தில் இருந்தோம். ஒரு கதவில்கூடப் பார்த்ததில்லை.

சத்தம் நின்றது.

"நம்ம பல்கேரிய எழுத்துடா..." என்றான் வெல்கோ.

ஸ்தாமென் கிட்டே போனான். நான் கையைப் பிடித்தேன். உதறினான்.

தீக்குச்சி கிழித்தேன்.

படத்தில் ஸ்தாமெனின் அப்பா ரங்கெல். ஆட்டுத்தோல் தொப்பி. இடது கண் கொஞ்சம் சுருங்கி. அவரேதான்.

இறந்த நாள் 20 நவம்பர்.

அன்றைய தேதி.

அடியில்: 'மனைவி மாரா. மகன் கிரூம்.'

அவ்வளவுதான்.

தீக்குச்சி விரலைச் சுட்டது. இன்னொன்று கிழித்தேன்.

ஸ்தாமென் அழவில்லை. அவன் முகத்தில் கோபம்தான் இருந்தது. "பேசணும்னு கூப்பிட்டாருல்ல... அப்புறம் எதுக்குடா இது?"

காதில் செருகியிருந்த மைப் பென்சிலை எடுத்தான். ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும். நாக்கில் வைத்தான். கிரூமின் பெயருக்குக் கீழே எழுத ஆரம்பித்தான்.

கதவு... உள்ளிருந்து அசைந்தது.

அவன் அழுத்தினால் அதுவும் அழுத்தியது. யாரோ உள்ளே தோளைக் கொடுத்து நிற்கிற மாதிரி.

"விடுடா, வந்துரு," என்றேன்.

"என் பேரு இது. எழுதாம வரமாட்டேன்."

எழுதினான். கடைசி எழுத்துவரை.

கதவு தளர்ந்தது.

உள்ளே ஒரு இருமல். ஒரே ஒரு தடவை.

ஓடினோம்.

வாசலுக்கு வெளியே தெரு. டிராம் மணி. விளக்கு. 4.35.

4.52-க்குத் தபாலாபீஸ். சரியாக ஐந்துக்கு லைன் கிடைத்தது. நானும் கூண்டுக்குள் நெருக்கி நின்றிருந்தேன். எடுத்தது ஸ்தாமெனின் அண்ணன் கிரூம்.

"அப்பா உங்க நேரத்துக்கு மூணே முக்காலுக்குப் போயிட்டாருடா. உன்கிட்டப் பேசப் போகணும்னு சட்டை மாத்திக்கிட்டு இருந்தாரு..."

ஸ்தாமென் கேட்டான், "நோட்டீஸ்ல என் பேரு போடுவியா?"

"உன் பேரு வேணாம்னு கோடையிலயே எழுதிக் குடுத்து சத்தியம் வாங்கிட்டாருடா. மாத்தச் சொல்லிட்டுப் போகல. நான் என்ன பண்ணட்டும்?"

லைன் அறுந்தது. ஊருக்குப் போக லீவு கேட்டோம். ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது. அந்த மேசைக்காரன் திங்கட்கிழமை வா என்றான். திங்கட்கிழமை, "அதான் புதைச்சாச்சே, இனி எதுக்கு லீவு?" என்றான். அந்த வீட்டைத் தேடி மூன்று ஞாயிறு அலைந்தோம். கிடைக்கவில்லை.

ஜனவரியில் படிப்பு முடிந்து ஊர் திரும்பினோம். கிரூம் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"டவுனு அச்சுக்கூடம் வரைக்கும் வந்து அத்தனை தாள்லயும் பேரு எழுதத் தெரிஞ்சவனுக்கு, பெட்டியில கிடந்த அப்பனை வந்து பாக்கத் தெரியலையா?"

"நான் எங்கடா வந்தேன்?"

"புடாபெஸ்ட்லேருந்து பேசுறேன்னு பொய் சொல்லியிருக்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

ஒட்டியதில் மிச்சம் இருந்த தாள்களை வீசினான். எடுத்துப் பார்த்தேன். கறுப்பு அச்சில் மாரா, கிரூம். அதற்குக் கீழே ஊதாவில் ஸ்தாமென். எல்லாத் தாளிலும்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கிரூம் அழுகையிலும் ஆத்திரத்திலும் ஏதோ குழப்பிக்கொண்டான் என்று நினைத்தேன். நேராக டவுனுக்குப் போய் அச்சுக்கூடக்காரரைப் பிடித்தேன். பெயர் யானாகி. குடிக்காத மனிதர். எப்போது அச்சடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு. எழவு வீடுன்னு கடையத் திறந்தேன்."

நாங்கள் பார்த்தது சனிக்கிழமை.

"யார் அதுல எழுதினது?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரும் எழுதல தம்பி. மெஷின்லேருந்து வரும்போதே அப்படித்தான் வந்துச்சு. என்கிட்ட இருந்தது கறுப்பு மை மட்டும். மூணு தடவை கழுவிட்டு ஓட்டினேன். அப்பவும் வந்துச்சு."

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தாளெல்லாம் காஞ்சுதான் இருந்துச்சு. அந்தப் பேரு இருந்த இடம் மட்டும்... ஒவ்வொரு தாள்லயும் ஈரமா இருந்துச்சு."