பையில் மிச்சமிருந்த பட்டன்

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று லிஃப்ட்காரரை அவர் மனைவி கேட்காத நாள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். குழிக்குள் இறங்கினால் இருட்டும் இரும்புக் கம்பியும் கிரீஸும்தான் துணை. அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. வீட்டுக்குத் தேவை என்பது மட்டும் மனுஷனுக்குக் கடைசிவரை எட்டவில்லை. நல்லதோ கெட்டதோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு "ம்". பிள்ளைகள் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்து அவர் காதுபடவே சொன்னார்கள். அதற்கும் "ம்"தான்.

மனைவிக்குத் துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை. புதிதாகத் தைப்பதில்லை. இடுப்பு பிடித்தால் பிரித்துவிடுவது, கை நீண்டால் மடித்துத் தைப்பது. நடந்து போகிறவரின் முதுகைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவள், தான் மட்டும் தள்ளுபடியில் ஒதுக்கிய ஒரு கோட்டையே வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் தொளதொளவென்று இறங்கியிருக்கும். அதைத் திருத்த அவளுக்கு நேரம் வரவே இல்லை.

கிறிஸ்துமஸ் பரிசு விஷயத்தில் அந்த வீட்டுச் சட்டம் அவள் போட்டதுதான். எல்லாரும் எல்லாருக்கும் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆளுக்கு ஒருவருக்கு வாங்கினால் போதும். யாருக்கு யார் என்பதைப் பட்டன் சொல்லும். தடித்த கம்பளித் துணியில் அவளே தைத்த ஒரு சின்னப் பை, அதற்குள் ஐந்து பட்டன். லிஃப்ட்காரருக்குப் பித்தளைப் பட்டன், மகளுக்குச் சிவப்பு, மருமகனுக்குக் கறுப்பு, இளைய பிள்ளை சின்னவனுக்கு அவன் பள்ளிக்கூடக் கோட்டிலிருந்து எடுத்த சாம்பல் நிறம், அவளுக்கு வெள்ளைச் சிப்பி. டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொருவராகக் கையை விட்டு ஒன்றை எடுப்பார்கள். யாருடையது வந்தது என்று மூச்சுவிடக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று பொட்டலத்தின் மேல் அந்தப் பட்டனை வைத்து உரியவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் தன் பட்டனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடுவார். பிறகு அடுத்த டிசம்பர்வரை பை அலமாரிக்குள் கிடக்கும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். செருப்பு, சீப்பு, மருந்துப் புட்டி என்று அவளுடையதையெல்லாம் அழுதுகொண்டே எடுத்துப் போட்டார்கள், துணிகளை யார் யாருக்கோ கொடுத்தார்கள். பைக்குள் கிடந்த வெள்ளைப் பட்டன் ஒருவர் ஞாபகத்துக்கும் வரவில்லை.

டிசம்பரில் மகள் வழக்கம்போல் பையை நீட்டினாள். முதலில் எடுப்பவர் எப்போதும் லிஃப்ட்காரர்தான். உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். வெள்ளை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்கள், எல்லாருமாக ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். இவர் கையை மூடிக்கொண்டு "ம்" என்றார். மகள் தனக்கு ஒன்று எடுத்தாள், வெளியூரில் இருக்கிற தம்பிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுத்து உறைக்குள் போட்டு ஒட்டினாள். கடைசியில் மருமகன் அவசர அவசரமாகக் கையை விட்டு எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினான். உள்ளே இன்னும் ஒன்று கிடக்கிறதா என்று துழாவிப் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்தா?

லிஃப்ட்காரர் சும்மா கையை மூடவில்லை. முன்னே பல வருஷம் அவள் பட்டன் அவருக்கு வந்திருக்கிறது. ஒரு தடவை இஸ்திரிப்பெட்டி வாங்கிக் கொடுத்தார், ஒரு தடவை குக்கர், இன்னொரு தடவை தரை துடைக்கிற வாளி. ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொன்னாள்: "இதெல்லாம் வீட்டுக்கு வாங்கினது. எனக்கு என்ன வாங்கினீங்க?" வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்ட மாதங்களில்தான் அது வேடிக்கை இல்லை என்று உறைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கடைக்குப் போனார்.

கருநீலத்தில் ஒரு கோட்டு அவருக்குப் பிடித்தது. அளவு என்ன என்று கடைப்பெண் கேட்டாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் அளவு அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொள்ள வீட்டில் அவளுடைய துணி ஒன்றுகூட இல்லை. மகளிடம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். இரண்டு கையையும் முன்னால் வளைத்து இவ்வளவு என்று காட்டினார். சின்னப் பொண்ணுக்கா என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரிக்கு என்றார். அவள் மேலே ஒன்றும் கேட்காமல் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

பட்டன் கணக்கு அவருக்கு உடனே உறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மண்டையில் அடித்தது. ஐந்து பட்டனில் எடுத்தது நாலு பேர்தான், ஒரு பட்டன் பைக்குள்ளேயே கிடக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று ஒருவருக்குப் பரிசு இல்லை. பையைத் திறந்து பார்க்க மனம் துணியவில்லை, அது தன் பட்டனாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்கு இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?

மகளுக்கோ மருமகனுக்கோ இல்லையென்றாலும் சமாளித்துவிடலாம். சின்னவனுக்கு இல்லையென்றால்தான் ஆபத்து. அவனுக்குத் தொலைதூர ஊர் ஒன்றில் பேக்கரி வேலை, அப்போதுதான் சேர்ந்திருந்தான். அம்மா நோயில் படுத்தபோது, புது வேலை, லீவு தரமாட்டார்கள், அவனிடம் சொல்ல வேண்டாம், நான் எழுந்து உட்கார்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். இவர் "ம்" என்றார். அவள் எழுந்து உட்காரவே இல்லை. சின்னவன் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். "ஒரு போன் பண்ண வாய் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டான். அன்றோடு அவன் அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

இப்போது கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு நாள் ஒழுங்காகக் கழிந்தால் மறுபடியும் வருவான், கோணினால் இனி எட்டிப் பார்க்கமாட்டான். லிஃப்ட்காரர் அவன் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார், மினுக்கிக்கொண்டிருந்த பல்பை மாற்றினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் வந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டான், அத்தானிடம் சிரித்தான், அப்பாவின் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தான். சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அம்மா வழக்கமாக உட்கார்கிற நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மகள் தன் புருஷனுக்கும் அவன் அவளுக்கும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டார்கள். இது கட்சிகட்டிச் செய்த சதி என்று அவளே கேலி பண்ணினாள். பிறகு சின்னவன் எழுந்து வந்து அப்பாவின் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தான். மேலே பித்தளைப் பட்டன்.

அப்படியானால் பைக்குள் கிடப்பது சின்னவனுடையது. பிரித்தார். நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கு.

"இனிமே டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை பாக்க வேணாம்" என்றான் சின்னவன்.

பிப்ரவரிக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு. எவ்வளவோ சொல்ல நினைத்தார். வந்தது "ம்"தான்.

தம்பிக்கு எங்கே என்று மகள் சுற்றிலும் பார்த்தாள். இன்னும் கொடுக்காமல் இருந்தவர் ஒருவர்தான். எல்லார் கண்ணும் அவர்மேல் திரும்பியது. அவர் விளக்கின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"விடுக்கா. அவருக்கு நான் ஞாபகத்துல இல்லாதது புதுசா?" சின்னவன் எழுந்து ஷூவைத் தேடினான். சாயங்காலப் பஸ் வேண்டாம், மதியப் பஸ்ஸையே பிடித்துவிடுகிறேன் என்றான். மகள் தடுத்துப் பார்த்தாள். அவன் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட்காரர் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். மேலே வெள்ளைச் சிப்பிப் பட்டன்.

மகள் அலமாரியிலிருந்து பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். சாம்பல் நிறப் பட்டன் உருண்டு வந்து விழுந்தது. சின்னவன் அதையே பார்த்தான்.

"இந்த வீட்ல என்னை எப்பவுமே பைக்குள்ளயே விட்டுடுவீங்க, இல்ல?"

"அவங்க தப்பில்ல. அவ பட்டன் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் சொல்லல" என்றார் லிஃப்ட்காரர். "அவளுக்குன்னு ஒண்ணு வாங்கணும்னு இருந்துச்சு. அதான்." அவர் ஆயுளில் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

சின்னவன் ஒரு கால் ஷூவோடு மேஜைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தான். கோட்டை விரித்துப் பிடித்ததும் அவன் முகம் கடுத்தது.

"யாருக்கு வாங்கியிருக்கீங்க இதை? அம்மாவுக்கு இதுல கையே நுழையாது. அவங்க அளவுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மருமகன் தரையைப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை பக்கத்தில் இருந்தவர்கள்.

"நுழையும்பா" என்றார் லிஃப்ட்காரர். "கடைசியில நான்தானே தூக்கி உக்கார வைப்பேன். கைக்குத் தெரியும்."

சின்னவனுக்குப் புரிய நேரமாயிற்று. அவன் கடைசியாகப் பார்த்தபோது அம்மா வாசல் நிறைய நின்று அவனை வழியனுப்பியிருந்தாள். கோட்டின் பட்டன்களை மெதுவாக ஒவ்வொன்றாகப் போட்டான். பிறகு அதைச் சுற்றிக் கையை வளைத்துப் பார்த்தான். ஒரு கை மறு கையின் முழங்கைவரை எட்டியது. அவன் அப்படியே அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இவ்வளவுதானாப்பா இருந்தாங்க?"

லிஃப்ட்காரர் "ம்" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதுகூட வரவில்லை.