பன்னீரும் செம்புத் தண்ணீரும்

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் திகதி, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். சவரம், குளிப்பு, ஒரு கோப்பைத் தேநீர், பாணும் சம்பலும். ஆறு ஐம்பதுக்கு வெள்ளவத்தை வீட்டைப் பூட்டினேன். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். ரயிலில் கடற்பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கந்தோரில் பதினொரு கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். சனிக்கிழமை என்றபடியால் ஒரு மணிக்கு விட்டார்கள்.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே, "பி.ப. 4 மணி: ஞானஸ்நானத்துக்குப் பங்குச் சுவாமியிடம் பிள்ளையின் பெயர் கொடுத்தல்" என்று காலையிலேயே எழுதி, பக்கத்தில் சரி அடையாளமும் போட்டிருக்கிறேன். ஒரு காரியம் நடக்குமுன்பே நான் சரி போட்டது அந்த ஒரு தரந்தான்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முதற்பிள்ளை, பெண். மனைவிக்குத் தாய் தகப்பன் இல்லாததால் பிள்ளைப்பேறு கொட்டாஞ்சேனையில் அவளுடைய அக்கா வீட்டில் நடந்தது. அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் கந்தோர் விட்டு அங்கே போய்வருவேன். அவர் வீட்டிலிருந்து கத்தோலிக்கக் கோவிலுக்கு மூன்று நிமிட நடை. எட்டு நாளுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுப்பித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். நான் முப்பத்தொரு நாள் என்றேன்.

காரணம் ஞானத்தகப்பன். என்னோடு விடுதியில் படித்தவன், மலாயாவில் ரயில்வேயில் இருந்தான். அவன் கப்பல் ஏறிய நாளில், என் முதற்பிள்ளைக்கு நீதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பதினேழு வருடம் கழித்து அந்த வாக்குக்கு வேலை வந்தது. அவனுக்கு லீவு கிடைத்துக் கப்பல் வந்து சேர முப்பது நாள் வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறு ஒருவர் நின்று பிள்ளையை ஏந்தலாம் என்று சுவாமி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பதிலாள் வைப்பது எனக்குப் பிடிக்காது. கந்தோரிலும் பிடிக்காது.

அக்கா வாசலில் வைத்தே கேட்டார்: "தம்பி, முப்பத்தொண்டு சைவக்காரர் பிள்ளைத் துடக்குக் கழிக்கிற நாளெல்லோ. நீங்கள் எந்தப் பக்கம்?"

அதன் பிறகு அந்த ஒழுங்கை வீடுகளிலெல்லாம் எனக்கு முப்பத்தொண்டுக் கிறிஸ்தவன் என்று பெயர். ஆனால் பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாளுக்கு முன் படி தாண்டக் கூடாது என்பதும் அதே அக்காவின் சட்டம். அந்த விஷயத்தில் மட்டும் முப்பத்தொன்று கிறிஸ்தவ எண்ணாகிவிடும்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போகும் குழந்தைகள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் லிம்போ என்ற இடத்தில் இருக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கோட்டை ஸ்டேஷனின் மூன்றாம் வகுப்புக் காத்திருக்கும் அறையைப் போல அதை நான் நினைத்திருந்தேன். அடி இல்லை, நெருப்பு இல்லை, ரயிலும் இல்லை. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் கலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள், மூச்சு வருகிறதா என்று. தலையணைக்குக் கீழே செபமாலை. சரியான நித்திரையும் இல்லை. பால் கொடுக்கும் களைப்பு என்று எழுதி வைத்தேன்.

என் பட்டியலில் பதினான்கு விஷயங்கள் இருந்தன. மெழுகுதிரி, வெள்ளைச் சால்வை, லவ் கேக், பற்றிஸ், வைன், இரவல் கதிரைகள், இப்படி. பிள்ளையின் நீளத்தை வாராவாரம் நாடாவால் அளந்து, முப்பத்தொரு நாள் முடிய எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுச் சட்டை தைப்பித்தேன். பிள்ளை அந்தக் கணக்கை மதிக்கவில்லை. சட்டை முக்கால் சாண் மிச்சமாய்த் தொங்கியது.

சனிக்கிழமை நாலு மணிக்கு, கோவிலுக்குப் பக்கத்தில் சுவாமி குடியிருக்கும் அறைவீட்டில் நான், ஞானத்தாயாக நிற்க இருந்த அக்கா, வியாழக்கிழமை கப்பலால் இறங்கிய சிநேகிதன், மூவரும் வரிசையாக இருந்தோம். சுவாமி பிறதேசத்தவர். தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். அதனால் அவர் முன்னால் எல்லோருக்கும் நாக்குத் தடுக்கும். பெரிய புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்த நாள், நேரம், பெற்றோரின் விவாகம் நடந்த கோவில். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். கடைசியாக, வீட்டில் யாராவது இந்தக் குழந்தையின் மேல் தண்ணீர் ஊற்றியதுண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"தண்ணி ஊத்தேல்லை, சுவாமி," என்றார். "பன்னீர்தான்."

சுவாமி பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், நான் கந்தோரிலிருந்து வருவதற்கு முன், ஒரு கலியாணத்தில் மிஞ்சிய பன்னீரை அக்கா பிள்ளையின் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதையும் சொல்லியிருக்கிறார். எனக்காகக் காத்திருந்தால் பிள்ளை லிம்போவுக்குத்தான் போகும் என்ற பயம். ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்று சுவாமி கேட்டார்.

"குழாயில வாற தண்ணியை எப்பிடி, சுவாமி? ஆண்டவருடைய காரியமெல்லோ."

ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு தரந்தான் என்று சுவாமி விளங்கப்படுத்தினார். ஆபத்து வேளையில் யார் ஊற்றினாலும் அது செல்லும், பிறகு கோவிலில் எண்ணெயும் உப்பும் செபங்களுந்தான், தண்ணீர் கிடையாது. ஆனால் பன்னீர் தண்ணீர் அல்ல.

"அம்மா, உம்முடைய பக்தி வாசனையானது. ஆனால் குழந்தை இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை." பிறகு என் பக்கம் திரும்பி, முப்பது நாள், என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் சிநேகிதன் நெற்றியைத் துடைத்தான். "நல்ல காலம் மச்சான். அஞ்சு நாள் கப்பலில சத்தி எடுத்து வந்தது முந்தியே ஊத்தி ஈரம் காஞ்ச தலையைப் பாக்கவோ எண்டு நினைச்சன்."

வீட்டுக்கு வந்து இந்தக் கதையை மனைவிக்கு நடித்தே காட்டினேன். அக்காவின் சேலைத் தலைப்பு உட்பட. அவள் பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஊத்தினது தண்ணிதான்."

பிறந்த ஒன்பதாம் நாள். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பால் புரைக்கேறிப் பிள்ளையின் முகம் நீலமாகிவிட்டது. சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. முதுகில் தட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்ச் செம்பை எடுத்துத் தலையில் ஊற்றி, வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடிக்கப் பிள்ளை வீரிட்டுக் கத்தியது.

"தண்ணி குளிர்ந்ததில கத்தினாளோ, ஆண்டவர் செய்தாரோ, எனக்குத் தெரியாது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் பதினாலு விசயம் எழுதி வைச்சிருந்தனீங்கள். அதில இது இல்லை."

நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். ஜூலை 16: "பிள்ளையில் நல்ல வாசனை. புதுச் சவர்க்காரமாக இருக்கலாம்." ஜூலை 22: "பி.ப. 5.40. அறை நிலம் ஈரம். செம்பு கவிழ்ந்து கிடந்தது. வழுக்கி விழுவீர்கள் என்று எச்சரித்தேன். பிள்ளை சுகம்." இரண்டும் என் கையெழுத்து. மணி நிமிடம் தவறாமல் எழுதியிருந்தேன். எழுதியதை விளங்கிக்கொள்ளத்தான் நேரம் இருக்கவில்லை.

இனிச் சொன்னால் நாளைக்குத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள், மலாயாவிலிருந்து வந்தவரின் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். கேக் வந்துவிட்டது, கதிரைகள் வந்துவிட்டன. ஆனால் கோவில் புத்தகத்தில் ஓகஸ்ட் 14 என்று ஏறிவிடும். தனியாக நின்று அவள் செய்தது நிலத்து ஈரமாகவே இருந்துவிடும்.

அன்றைக்குச் சொன்ன வசனத்தை அப்படியே திருப்பிச் சொல் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பிதா, சுதன், இஸ்பிரித்து சாந்து என்று ஒன்றும் பிசகாமல் சொன்னாள். அரைத் தாளில் எழுதிக்கொண்டேன். நாள், நேரம், செம்பு, ஏறக்குறையக் கால்வாசித் தண்ணீர், உச்சந்தலையில்.

"சுவாமி என்னை ஏசுவாரோ?"

"என்னை ஏசி முடிக்கவே அவருக்கு நேரம் காணாது," என்றேன்.

அவள் அப்போதுதான் சிரித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடியே நித்திரையாகிவிட்டாள். தட்டை அக்கா மெல்ல வாங்கி வைத்தார். எட்டேகால் மணி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டிலேயே ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவி, சவரம் செய்யாமல், தேநீர் குடிக்காமல், முதற் பூசைக்கு மணி அடிக்கமுன் அறைவீட்டுக் கதவைத் தட்டி, அந்த அரைத் தாளைச் சுவாமியின் கையில் கொடுத்தேன்.