பெண் பார்க்கப் படித்த இங்கிலீஷ்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தோடு நல்ல பூமி. மஞ்சளும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறோம். ஜாதகத்திலும் குறையில்லை, உடம்பிலும் குறையில்லை. ஆனாலும் முப்பத்து நாலு வயதாகியும் எனக்குப் பெண் அமையவில்லை. போன இடமெல்லாம் காபி கொடுத்து உட்காரவைத்து, "பையன் என்னங்க வேலைல இருக்கறாரு?" என்பார்கள். விவசாயம் என்றதும் முகம் மாறிவிடும்.

அப்படிப் பார்த்த பெண்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாட் டூ யூ டூ?" என்றாள். "ஃபார்மர்" என்றேன். "ஓகே" என்று உள்ளே போய்விட்டாள்.

என் அக்கா தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். விஷயம் கேள்விப்பட்டதும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய் சாமி, இனிமே ஃபார்மர்னு வாயத் தொறக்காத. ஆந்த்ரபிரனர்னு சொல்லு, தொழில் முனைவோர்னு அர்த்தம். செல்ஃப் எம்ப்ளாய்டு, அக்ரி பிசினஸ்னு சொல்லோணும். பொண்ணோட அப்பன மாமான்னு கூப்புட்டுத் தொலைக்காத, பட்டிக்காட்டான்னு நெனச்சுக்குவாங்க. சாருன்னு கூப்புடு."

அன்று முதல் சாயங்காலமானால் போனில் பாடம். கேரியர் க்ரோத், ஜாப் செக்யூரிட்டி, ஒர்க் லைஃப் பேலன்ஸ். அது மஞ்சள் வேகவைக்கிற சமயம். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கூலிக்கு வந்த அம்மா ஒருத்தர், "ஏனுங்க, தனியாப் பேசறீங்க, ஒடம்புக்குச் செரியில்லீங்களா?" என்று கேட்டே விட்டார். ஆந்த்ரபிரனர் மட்டும் லேசில் நாக்கில் நிற்கவில்லை. பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அடுத்துப் பார்க்கப்போகிற இடமும் தட்டிப்போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தரகர் வேறு சொல்லியிருந்தார்.

பெண் வீடு மேச்சேரிப் பக்கம். பெங்களூர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள் என்றார்கள். போகும் வழியெல்லாம் காரில் அக்கா என்னை ஒப்பிக்க வைத்தாள். நடுவே என் விரலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எவ்வளவு சோப்புப் போட்டும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. கையை மடக்கியே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பெண்ணின் அப்பாவை "சார்" என்றேன். அவர் திரும்பி யாரையோ கூப்பிடுகிறேனா என்று பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பேசிவிட்டு வரச்சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "ஐயம் ஆன் ஆந்த்ரபிரனர். செல்ஃப் எம்ப்ளாய்டு. குட் ஒர்க் லைஃப் பேலன்ஸ்" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. மடக்கியிருந்த என் கையைப் பார்த்தாள்.

"மஞ்சள் இப்ப வேகவெக்கறீங்களா, காயவெச்சாச்சுங்களா?"

உயிர் போய் வந்த மாதிரி இருந்தது. களத்தில் காய்கிறது என்றேன். மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கமில்லை, போன வருஷம் நனைந்து விலை போகவில்லை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் இல்லை. முடிந்தது, இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன்.

அவள் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு வேலை போயிருச்சுங்க. லேஆஃப் பண்ணிட்டாங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாது. தெனமும் கதவச் சாத்திக்கிட்டு லேப்டாப்பத் தொறந்து வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறேன். அப்பா ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியறாரு. அவருகிட்டச் சொல்றதுக்குத்தான் பயமா இருக்குதுங்க."

அக்கா நடத்திய பாடத்தில் லேஆஃப் வரவில்லை. ஆனாலும் அவள் சொன்னதிலேயே எல்லாம் புரிந்தது. அவள் கேட்டாள்:

"வேலையில்லாத பொண்ணுன்னா வேண்டாம்னு சொல்லிருவீங்களா?"

போன இடமெல்லாம் நான் பயந்த கேள்வி. அதை என்னிடமே ஒருத்தி கேட்பாள் என்று நினைத்ததில்லை. பதில் வருவதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவள் முகம் வெளுத்துப்போனது. அப்படியே இறங்கினோம்.

கூடத்தில் அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "புள்ளைக்கு நிக்க நேரமில்லீங்க. கம்பெனில அத்தன வேலை. இன்னிக்கிக்கூட லீவு சொல்லிட்டுத்தான் இருக்குது" என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள்.

நான் கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேலையப் பத்தி எல்லாஞ் சொன்னாங்க" என்றேன். "எனக்குச் சம்மதமுங்க, மாமா."

அக்கா என்னை முறைத்தாள். கதவைப் பிடித்து நின்றவள் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தாள்.