மழுங்காத கத்தி

டக். டக். சமையலறை வரை கேட்கிறது. ஹாலில் என் கணவர் புது மடக்குக்கத்தியைத் திறந்து திறந்து மூடுகிறார். அவருடைய இடது முன்கையில் ஒரு பக்கம் முடியே கிடையாது. கூர் பார்க்கிறேன் என்று அங்கேதான் மழிப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த பெம்பான் தோட்டத்து வீட்டில் அப்பாவுக்கும் இதே கிறுக்குதான். தையல் மெஷின் எண்ணெயை விட்டு, பழைய பெல்ட்டில் கத்தியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் காகிதத்தை இழை இழையாகச் சீவிக் காட்டுவார். மாங்காய் நறுக்கக் கேட்டால் மட்டும், "புளிப்பு பட்டா கறை புடிச்சிடும் லா" என்பார். நாங்கள் பல்லால் கடித்துத் தின்றோம்.

ஒருநாள் நான் வளர்த்த ஆடு கறுப்பி வேலிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில், நைலான் கயிறு அதன் கழுத்தை இறுக்கிவிட்டது.

"அப்பா, கத்தியால அறுங்கப்பா!" என்று அலறினேன்.

"நைலான் லா இது, கூர் போயிடும். இரு, முடிச்ச அவுக்கிறேன்."

கத்தி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. முடிச்சு அவிழ்வதற்குள் கறுப்பியின் கால்கள் ஓய்ந்துவிட்டன. அன்று மாலையும் கத்திக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார், பெரிய மனுஷன்.

டக்.

ஹாலுக்குப் போய்க் கையை நீட்டினேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, என் கணவர் சிரித்தபடி கத்தியைக் கொடுத்தார். நேரே பின்வாசலுக்குப் போய், துணி காயப்போடும் நைலான் கொடியைப் பிடித்தேன்.

"ஐயோ, அதுல வேணாம் லா! கூர் போயிடும்!"

ஒரே இழுப்பில் அறுந்துவிட்டது. கறுப்பிக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்தது.