மணப்பாட்டில் எடுத்த நாற்பது விநாடி

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை ஒரே நாளில் போய்வருவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். போன டிசம்பர் முதல் வாரம், மழை விட்டிருந்த நேரத்தில் போய்வந்தேன். இத்தனை மாதம் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. வழியும் செலவும் சொல்கிறேன். அந்தப் பயணத்தில் நான் செய்த தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்னோடு வந்தவர்கள் ஈரானைச் சேர்ந்த ஓர் அக்காவும் தம்பியும். மீனா, அராஷ் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர்கள் அல்ல. வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். (மீனா அங்கும் வைக்கிற பெயர்தான்.) மைசூரில் எம்.ஏ. படித்தபோது மீனாவும் நானும் இரண்டு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். இப்போது அவள் ஈரானின் தென்கடற்கரையில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். அராஷ் மாணவனாக இருந்தபோது அரசை எதிர்த்துப் போராடியவன். கைதாகும் முன் தப்பி ஜெர்மனி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவனால் ஊர் திரும்ப முடியாது. அவளுக்கு ஜெர்மனி விசா கிடைக்கவில்லை. இருவராலும் வர முடிந்த நாடு இந்தியா.

"ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்த கடற்கரையில் பிறந்தவள் நான். உன் ஊரிலும் முத்துக் கடல் உண்டு என்பாயே, காட்டு" என்று மீனா கேட்டாள். நான் சாகுபுரத்தில் வளர்ந்தவள். அந்தச் சாலையில் எனக்கு வரைபடம் தேவையில்லை.

சென்னை ரயில் காலை 6.50க்குத் தூத்துக்குடி வந்தது. குளித்துச் சாப்பிட்டு 8.30க்குக் கிளம்பினோம். கார் வாடகை, டீசல், ஓட்டுநர் படி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். ஓட்டுநர் முருகேசன் ஊரைத் தாண்டும் முன்பே மக்ரூன் கடையில் நிறுத்தினார். கால் கிலோ வாங்கினோம். அக்காவும் தம்பியும் அதற்குப் போட்ட சண்டையில் உப்பளங்கள் முழுவதையும் பார்க்காமலே கடந்துவிட்டார்கள்.

"யக்கா, இவங்க சண்ட போடுதாங்களா, இல்ல பாசையே இப்பிடித்தானா?" என்றார் முருகேசன்.

"மக்ரூனுக்குச் சண்டை அண்ணாச்சி" என்றேன். மொழிபெயர்த்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று காலை அவர்களைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம் இடறியது. அராஷின் சட்டையில் சிங்கமும் சூரியனும் பொறித்த சின்ன பேட்ஜ் இருந்தது. புரட்சிக்கு முன்பு அவர்கள் கொடியில் இருந்த சின்னம்; இப்போது ஆட்சியை எதிர்ப்பவர்கள் அணிவது. "அதைக் கழற்றேன்" என்றாள் மீனா. "இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆத்தூரில் தேநீர் குடித்தோம். வெற்றிலைக் கட்டுகளை மீனா முகர்ந்து பார்த்தாள். திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு சேர்ந்தபோது 11.40. தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். குன்றின் மேலிருக்கும் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் கரைக்கு இறங்கினோம். அங்கே வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், எந்த ஊர் என்று விசாரித்தார். ஈரான் என்றதும் எழுந்துவிட்டார்.

"கோஷ் ஆமதீத்!"

பாரசீகத்தில் நல்வரவு என்று அர்த்தம். அவர் பெயர் சேவியர். ஈரானின் கீஷ் தீவில் ஆறு வருடம் படகில் வேலை பார்த்தவர். அங்கே தான் அதிகம் சொன்ன வார்த்தை "மாஹி நீஸ்த்" என்றார். மீன் இல்லை! அந்த உச்சரிப்பு அப்படியே தன் ஊர்க் கடற்கரைக்காரர் மாதிரி இருக்கிறதென்று மீனா சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். முக்காடு தோளில் விழுந்திருந்தது. அராஷ் அவள் தோள்மேல் கைபோட்டு நின்றான். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மீனா கவனித்துவிட்டு, "உனக்கு மட்டும். எங்கேயும் போடாதே" என்றாள். தலையாட்டினேன்.

போனை உள்ளே வைத்த பிறகு சேவியர் அண்ணன் என்னிடம் தமிழில் சொன்னார்: "அங்கன குண்டு விழுதுன்னு டிவில பாத்ததும் எங்க முதலாளி வீட்டத்தாம்மா நெனச்சேன். மழக்காலத்துல எங்கள அவரு வீட்டுலயே வச்சு சோறு போட்டவரு. இவங்க ரெண்டு பேரும் இப்ப யாரு பக்கமாம்?"

நான் அதை மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்த்தேன்.

"அந்த ஆட்சி ஒழிய வேண்டும். எப்படி ஒழிந்தாலும் சரி" என்றான் அராஷ்.

"எப்படி என்றால்? குண்டு என் தெருவில் விழுந்தாலுமா?" என்றாள் மீனா. "நாங்கள் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தோம். நீ ஜெர்மனியில் கொடி பிடித்து ஆடினாய். வீடியோவில் பார்த்தேன்."

"என் நண்பனைக் கொன்றவர்களுக்காகவா அழச் சொல்கிறாய்?"

"அவனுக்காக நானும்தான் தெருவில் நின்றேன். நீ விமானம் ஏறினாய். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்."

பிறகு ஆங்கிலத்தை விட்டுப் பாரசீகத்துக்கு மாறிவிட்டார்கள். அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் மீனா காரில் எனக்குச் சொன்னாள்: "நீ ஈரானியே இல்லை."

சேவியர் அண்ணன் பதறிப்போனார். "நான் எதும் தப்பாக் கேட்டுட்டனாம்மா? ஒரு தாய் வயித்துப் பிள்ளைக தான?" எங்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட நினைத்திருந்தார். யாரும் போகவில்லை. திரும்பும்போது அராஷ் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

மாலை ஐந்தரைக்கு விடுதியில் தனியாக உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். நாற்பது விநாடி. சண்டை எதுவும் அதில் இல்லை. இதைப் பார்த்தால் இருவர் மனமும் இளகும் என்று நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இளகுவதற்கு அவர்கள் இருவருக்கு மட்டும் அனுப்பியிருந்தாலே போதும். என் பயணப் பக்கத்துக்கு ஆள் வருவது குறைந்திருந்த சமயம் அது. "பாரசீகம் பேசும் தமிழ் மீனவர்" என்று தலைப்பிட்டுப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அது எங்கெங்கோ பரவிவிட்டது. கீழே பாரசீகத்தில் கருத்துகள் குவிந்தன. யாரோ பேட்ஜை அடையாளம் கண்டார்கள். ஜெர்மனியில் எதிர்ப்புக் கூட்டங்களில் பேசுபவன் இவன்தான் என்று யாரோ அராஷைக் கண்டுகொண்டார்கள். பிறகு, இந்தப் பெண் யார் என்று தேடினார்கள். ஒரு தரப்பு அவளைத் துரோகியின் அக்கா என்றது. அரசுப் பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் மறுதரப்பு அவளை ஆட்சியின் கைக்கூலி என்றது. சேவியர் அண்ணன் பேசியதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஊர் திரும்பும் வழியில் தோஹா விமான நிலையத்திலிருந்து மீனா கூப்பிட்டாள். திட்டவில்லை. "எடுத்துவிடு" என்று மட்டும் சொன்னாள். எடுத்தேன். அதற்குள் பலர் பிரதி எடுத்திருந்தார்கள்.

ஐந்து வாரம் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்புறம் ஒரு செய்தி வந்தது. ஈரானில் இறங்கியதும் அதிகாரிகள் போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள், பல நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள், பள்ளி வேலை போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு நான் எழுதியதற்கு, "நீ கெட்டவள் இல்லை. ஆனால் நான் சொன்னதை நீ கேட்கவில்லை" என்று பதில் வந்தது. இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டி, அவள் வேண்டாம் என்ற வரிகளை நீக்கிய பிறகே வெளியிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பேருந்து என்றால் திருச்செந்தூரில் மாறுங்கள். மணப்பாட்டில் பெரிய உணவகம் எதிர்பார்க்காதீர்கள், திருச்செந்தூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கரையில் நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் அவசியம். உடன் வருபவர் படத்தைப் போட வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். அவருடைய ஊரில் அதற்கு என்ன விலை என்று நமக்குத் தெரியாது.

மீனா தம்பியின் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அராஷ் என்னைக் கூப்பிடுகிறான். அரசியல் பேசுவதில்லை. அவள் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தாள் என்று மட்டும் கேட்பான். போன வாரம், "நேற்று மதியம் மூன்று பத்து" என்றேன்.

"மூன்று பத்து" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டு வைத்தான்.