தலை சாயாத கதிர்

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான முதல் வருசம். கன்னிவாடிப் பக்கம் நெல்லுக்குள்ளேயே வளர்ந்த என்னைக் கொடைக்கானல் மலைமேல் கூக்காலுக்குக் கொண்டுவந்து கோதுமை வயலில் நிறுத்தினார்கள். ஐப்பசியில் விதைத்தது. தூர் கட்டியது, தண்டு நீண்டது, தண்டுக்குள்ளேயே தொண்டைக்கதிராக வீங்கி மீசையோடு வெளியே வந்தது. அதுவரை பயமில்லை. நம்ம நெல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

தையில், பூத்த வாரத்தில் உறைபனி விழுந்தது. மூன்று நாள், விடிந்து பார்த்தால் வயல் உப்புத் தூவின மாதிரிக் கிடந்தது. கோதுமைப் பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கதிரில் ஒட்டிய மஞ்சள் தூசி, அவ்வளவுதான். அது கருகினால் மணி இல்லை. மணி இல்லையென்றால் வருசத்துக் கஞ்சியும் இல்லை, விதையும் இல்லை.

வீட்டுக்காரர் குதிரைகளில் கிழங்கு மூட்டை ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கிளம்பினார். "பத்து நாள் பாரு. பால் பிடிக்கலைன்னா அறுத்து மாட்டுக்குப் போட்டுரு. ஈரம் கெடக்கையிலயே வேற எதையாச்சும் போட்டுருவோம்" என்றார். எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று நான் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று பேர் வந்துவிடுமே.

எங்கள் ஊரில் பால் பிடித்த நெல் தலை சாயும். பதர்தான் விறைத்து நிற்கும். இங்கே அத்தனை கதிரும் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. வெள்ளனே போய்ப் பார்ப்பேன். பத்தாம் நாளும் ஒரு கதிர்கூடக் குனியவில்லை. அரிவாளை எடுத்தேன். ஒரு பாத்தி முழுக்க அறுத்துவிட்டேன்.

மேல் வயல்காரி, என்னைவிட ரெண்டு வயசு மூத்தவள், மேலிருந்து கேட்டாள். "ஏ புள்ள, என்ன சோலி பாக்குற?"

"பால் பிடிக்கலைக்கா. ஒண்ணுகூடத் தலை சாயலை."

"தலை சாயணுமா? கோதுமை என்ன ஒங்க ஊரு புதுப்பொண்ணா, குனிஞ்சுக்கிட்டே நிக்க? நகத்தை வச்சு அமுக்கிப் பாரு."

அறுத்துப் போட்ட கதிரையே எடுத்து அமுக்கினேன். நகக்கண்ணில் வெள்ளையாய் ஒரு சொட்டுப் பால். அஞ்சு கதிர் பார்த்தால் ரெண்டு மணி வைக்காத சாவி, மூன்றில் பால்.

"பனி தின்னது போக மிச்சம் இருந்திருக்கு. நீ தின்னதுக்கு என்ன சொல்லப்போற?" என்றாள்.

மறுநாள் அவர் வந்தார். வெறும் பாத்தியைப் பார்த்தார். "பால் இல்லையா?"

"இருந்துச்சுங்க."

அவர் அறுக்காமல் நின்ற பயிருக்குள் இறங்கி ஒவ்வொரு கதிராய் அமுக்கினார். கடைசியில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இனிமே அரிவா எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பால் மாவாகி, மாவு இறுகி, பல்லில் வைத்தால் நொறுக்கென்று சொல்லும்வரை ஒவ்வொரு விடியலும் பயந்தேன். பங்குனியில் அடித்தோம். விதைக்குச் சரியாக வந்தது. கஞ்சிக்கு ஆடி வரைக்கும்தான்.